ஏற்காட்டு வீட்டுக்கு ஆமென் சொன்னவர்கள்

கிழக்குத் தாம்பரம்,
மே மாதம்.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் யேசுதாசனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அக்கா ஞானசௌந்தரியும் வெயிலில் வதங்கினாலும் சுகம். பெருங்களத்தூரில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். இனி என் குழப்பத்துக்கு வருகிறேன்.

சீசனுக்கு வருகிறவர்களுக்கு நாள்வாடகைக்கு விடலாம், அதிலேயே வீட்டுக் கடனும் அடைந்துவிடும் என்று, ஓய்வு பெற்றபோது வந்த பணத்தையும் போட்டு ஏற்காட்டில் வீடு வாங்கினேன் அல்லவா. ஜெபம் பண்ணாத வீட்டில் யாரைத் தங்க வைப்பது என்று உங்கள் அக்கா பிடிவாதம் பிடித்ததால், சபையாரை வேனில் அழைத்துப் போய்ப் பிரதிஷ்டை செய்தோம். வருகிறவர்களுக்கெல்லாம் இந்த வாசல் திறந்திருக்கட்டும் என்று ஆயர் ஜெபிக்க, எல்லோரும் ஆமென் சொன்னோம். எல்லோரிலும் நான்தான் பலமாகச் சொன்னேன். அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்குப் புரியவில்லை. மே பிறந்ததும் பாடகர் குழு பயிற்சிக்கென்று போனது, அவர்கள் மலை இறங்குவதற்குள் பெண்கள் சங்கம் உபவாச ஜெபத்துக்கென்று ஏறியது, உபவாசத்துக்குப் போனவர்கள் சிலிண்டரை எப்படித் தீர்த்தார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம் சபை எப்சி டீச்சர் சம்பந்தி வீட்டாரோடு போய்விட்டார். வாடகை என்று வாயெடுத்தால், "உங்க வீட்டுக்காக நாங்க ஜெபிக்காத நாளே இல்ல பிரதர்" என்கிறார்கள். ஜெபித்தவர்களிடம் காசு கேட்கலாமா, கூடாதா? நேற்று, முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்த ஹர்ஷா, நித்யஸ்ரீ என்ற இளம் தம்பதி போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். எப்சி டீச்சர், "ரூம் எல்லாம் ஃபுல்லா இருக்கும்மா, பரவால்ல வாங்க, ஹால்ல பாய் போட்டுத் தரேன்" என்றாராம். அந்தப் பையன் எனக்குப் போன் செய்து, "அங்கிள், இங்க ஓனர் யாரு?" என்று கேட்டான். எனக்கே தெரியவில்லை மச்சான். பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நாங்கள் இருவராவது ஒரு நாள் போய் இருக்கலாமா என்று கேட்டதற்கு, ஜூன் வரைக்கும் இடமில்லை என்று எப்சி டீச்சரே சொல்லிவிட்டார்.

இந்த சீசன் இப்படியே போனால் வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. உண்மையிலேயே பயமாக இருக்கிறது. உங்கள் அக்கா தன் கையால் தைத்து மாட்டிய ஜன்னல் திரையை இன்னும் ஒரு தரம்கூட இழுத்து மூடிப் பார்க்கவில்லை. நீங்கள் சபைச் செயலர். வரும் ஞாயிறு அறிவிப்பில், லாசரஸ் வீட்டுக்கு இனி யாரும் சும்மா போகக்கூடாது என்று கண்டிப்பாக வாசித்துவிடுங்கள். என் பெயரைச் சொல்லாமல் வாசிக்க முடிந்தால் உத்தமம்.

பிள்ளைகளை ஆண்டவர் நல்ல சுகத்தோடும் நல்ல மதிப்பெண்ணோடும் காப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
லாசரஸ்

பி.கு.: அறிவிப்பை இந்த ஞாயிறு வாசிக்க வேண்டாம். நம் சபை ஜோனத்தான் கொடைக்கானலில் வீடு வாங்கியிருக்கிறார், சனிக்கிழமை பிரதிஷ்டை. வேனில் உங்களுக்கும் சேர்த்து இடம் சொல்லிவிட்டேன். ஸ்வெட்டர், போர்வை, ஒரு வாரத்துக்கான துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஜெபம் முடிந்த கையோடு கிளம்பி வந்தால் ஜோனத்தான் மனசு சங்கடப்படும்.