சுவிட்ச் போடாமலே படிக்க வைத்த போர்டு

விஞ்ஞானம் எத்தனையோ அற்புதங்களைச் செய்திருக்கிறது. ஆனால், கரும்பு வெட்டும் ஐம்பத்து நாலு வயது தங்கவேலைச் சுவிட்சே போடாமல் படிக்க வைத்த பெருமை, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஸ்மார்ட் போர்டுக்கு மட்டுமே உண்டு.

போர்டு வந்து இரண்டு வருடம். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. ரிமோட் தலைமையாசிரியர் மரியதாஸின் பீரோவில் 'பத்திரமாக' இருந்தது. அங்கே பெரியவர்களுக்கு எழுத்தறிவு மாலை வகுப்பு நடத்தும் ஜெயசுதாவோ, போர்டு வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சுவரில் சாத்தி, கரித்துண்டால் 'அ' எழுதினார். வருடா வருடம் நீட்டித்துத் தரப்படும் வேலை அவருடையது. வெட்டுக்கத்தி பிடித்த கையில் நாலு கரித்துண்டு பொடிந்தபின், தங்கவேலுக்கும் 'அ' வந்தது. எட்டு மாதத்தில் தன் பெயர் வந்தது. அடுத்து பஸ் போர்டைப் படித்துவிட வேண்டும்.

அப்போதுதான் 'வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றி ஆசிரியர்களின் கருத்து' அறிய ஓர் அதிகாரி வந்தார். கருத்துகளை அவரே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"நாங்க எழுத வேணாமா சார்?" என்றார் ஜெயசுதா.

"உங்களுக்கு இன்னாத்துக்கும்மா சிரமம்? கையெழுத்து மட்டும் போடுங்க."

"எனக்கு வேற கருத்து இருக்கு சார்."

"அதுக்குக் கட்டம் இல்லியேம்மா."

ஜெயசுதா கையெழுத்துப் போடவில்லை. அதிகாரி 'பயனாளி' ஒருவரைக் கேட்டார். மரியதாஸ், கரும்புத் தோட்டத்திலிருந்து தங்கவேலை வரவழைத்தார்.

"இந்த போர்டாலதான் படிச்சீங்களா?"

தங்கவேல் யோசித்தார். போர்டைப் புகழ்ந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பெருமை. அது டீச்சருக்கும் பெருமை. பெட்டியும் போர்டோடு வந்ததுதானே.

"ஆமாங்க சார். இது இல்லன்னா நான் இல்ல."

"தானாவே சொல்லிக் குடுத்திச்சா?"

"தானாவேதான் சார்."

அதிகாரி ஒரு தாளை நிரப்பி நீட்டி, மை டப்பாவைத் திறந்தார்.

"மை இன்னாத்துக்கு சார்?" என்று பேனாவை வாங்கிய தங்கவேல், வரப்பு கட்டும் நிதானத்தில் கையெழுத்திட்டார். அது மரியதாஸின் கையெழுத்தைவிட அழகு என்பது இன்றும் அவர் எண்ணம்.

அடுத்த வாரம் மாலை வகுப்பு நிறுத்தப்பட்டது. உத்தரவோடு வந்த, தங்கவேல் கையெழுத்திட்ட தாளின் நகலை ஜெயசுதா படித்துக் காட்டினார்: 'போர்டு தானே கற்பிப்பதால் ஆசிரியர் தேவையில்லை.' கீழே, அந்த அழகான கையெழுத்து.

"நான் இதப் படிக்கலியே டீச்சர்."

"தெரியும்ணே. கைநாட்டா இருந்தப்ப, 'இன்னா எழுதியிருக்கு, படிச்சுக் காட்டு'ன்னு கேக்காம எதுலயும் வெரல வச்சிருக்க மாட்டீங்க."