ஜெபம் முடியும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது

கர்த்தருக்குள் அன்பான ஓடெல் அத்தைக்கு,

டெல்ஃபீன் எழுதுவது. அப்பாவின் முதுகைத் தவிர இங்கே யாவும் சுகம். சிகாகோ குளிரிலிருந்து உங்கள் முழங்கால்களைக் கர்த்தர் காப்பாராக.

போன ஞாயிறு சபை வாசலில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு ஷூ. ஈரப் புல் ஒட்டிய பழுப்பு ஷூ. அதற்கு மேலே நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

புயல் நம் சபையின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனதும், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர் சபை தங்களோடு சேர்ந்து ஆராதிக்க எங்களை அழைத்தது. ஆமாம் அத்தை, பதினாறு வயதில் நீங்கள் புது உடுப்போடு போய், 'கறுப்பருக்கு இடமில்லை' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட அதே சபைதான். அங்கேயும் எனக்கு வாசல் ஊழியம். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதால்தான் நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன். இந்த வேலையில் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வெள்ளைக் கையுறை போட்ட கையைத் தூக்கினால் நில், இறக்கினால் வா. நம் சபையில் ஜெப நேரத்தில் மேயரே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். அவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் ஜெபம் தும்மல் மாதிரி, ஆரம்பிக்கும்போதே முடிந்துவிடும். அதனால் நம் பாஸ்டர் கெயின்ஸ் கண்ணை மூடியபோது, அவர்களில் பாதிப் பேர் காபியும் கையுமாக வெளியே இருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"பாப்பா, இது எங்க சர்ச்சும்மா" என்றது ஷூ. என் கை இறங்கவில்லை.

"நான்தாம்மா ஆர்கன் வாசிக்கணும்!" என்றார் பின்னால் ஒரு அம்மாள். "உங்க பாஸ்டர் எப்ப முடிப்பார்?"

அழும் குழந்தையோடு வெளியே வந்திருந்த நம்ம நெவா அக்கா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இப்பதான் நோவாகிட்ட வந்திருக்கார். அவர் இன்னும் கப்பலே கட்டல. உக்காருங்க" என்றாள். அவரும் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூவும் உட்கார்ந்தது. ஆமென் வரும்போது காபி ஆறி, ஒருத்தர் குறட்டையே விட்டுவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் வெளியே அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அடியே, யாரை நிறுத்தினே தெரியுமா? மிஸ்டர் பிரூயிட்! நம்மள வச்சுக்கறதா துரத்தறதான்னு புதன்கிழமை ஓட்டுப் போடப்போற கூட்டத்துக்குத் தலைவர்! மழைக்காலம் வருது, நம்ம ஜனம் எங்கடி போகும்?" நெவா அக்கா மட்டும் சிரித்தாள்: "நல்லா வெளிய வச்சா. அவங்க நம்மள எத்தனை வருஷம் வச்சாங்க, இவ ஒருநாள்தானே!"

எனக்கு இங்கே இனி முகம் இல்லை. சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உங்கள் சமையலறைத் தரை போதும். மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும், என் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் டெல்ஃபீன்

பி.கு.: உறை ஒட்டும்போது மிஸ்டர் பிரூயிட்டே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"புதன்கிழமை என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்றார். பிறகு தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே சொன்னார்: "உங்க அக்காவை அன்னிக்கு வாசல்ல நிறுத்தினது நான்தான். உங்க பொண்ணு ஜெபத்துக்காக நிறுத்தினா. நான் எதுக்காக நிறுத்தினேன்னு அந்த நாற்காலியில உக்காந்து யோசிச்சேன். மன்னிச்சுடுங்க."

"என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் அப்பா. "அவ சிகாகோ போயிட்டா. அவ கோபம் இன்னும் அந்த வாசல்லதான் நிக்குது. எல்லார் முன்னாலயும் அவகிட்ட கேளுங்க."

"கேக்கறேன். வருவாங்களா?"

அப்பா நான் ஒளிந்திருந்த கதவைப் பார்த்தார். அதனால் நான் சனிக்கிழமை வரவில்லை அத்தை, நீங்கள்தான் வர வேண்டும். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, "வந்தா அத்தைக்கு முதல் வரிசையில இடம் வேணும்" என்றேன்.

"அது எங்க குடும்பம் உக்கார்ற இடம்மா" என்றார்.

"தெரியும்" என்றேன்.