கறை படாத கோழிச் சுருள்

தார் அக்கா, நீ போய் மூன்று வாரம் ஆகிறது. உன்னைப் பற்றி எழுதுகிறேன் என்றால், "உனக்கு வேற சோலி இல்லியா புள்ள?" என்பாய். என்னவோ சொல்லிக்கொள். எழுதத்தான் போகிறேன்.

எடப்பாடிப் பக்கம் கோழிக்கறியைத் தின்று பார்த்து நன்றாயிருக்கிறது என்பவர்கள் ஆயிரம் பேர். வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்து அப்படிச் சொன்ன ஒரே ஆள் எங்கள் தார் அக்காதான்.

தறியில் நூல் சுற்றிப் போடுகிற சின்னக் குச்சிக்குத் தார் என்று பெயர். நாள் முழுக்க அதில் நூல் சுற்றுவது அக்காவின் வேலை. சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும்.

நான் எட்டாவதோடு நின்று தறி ஓட்ட வந்தவள். ஓடுகிற தறியை விட்டு நகர முடியாது. ஒரு கையில் போண்டா, மறு கையில் அறுந்த நூல். வெள்ளை வேட்டியில் இரண்டு முறை எண்ணெய்க் கறை ஆகிவிட்டது.

முதலாளி கத்தினார். "ஏம்புள்ள, நீ நெய்யறது வேட்டியா, போண்டா மடிக்கிற காயிதமா? இன்னொரு கறை பாத்தேன், ஊட்டோடயே இருந்துக்க! இனி ஒருத்தரும் பட்டறைக்குள்ள திங்கக் கூடாது!"

வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். அழுதேன்.

"அழுவாத. பசியோட எவ தறி ஓட்டுவா? கறையே ஆவாத பலகாரம் நான் பண்றேன். அடுப்பே வேண்டாம். அடுப்பு பத்த வெச்சாத்தான எண்ணெ வருது?" என்றாள் அக்கா.

முதல் நாள் முட்டைக்கோஸ் இலைக்குள் பீட்ரூட்டைச் சுருட்டி வந்தாள். துணியில் தேய்த்ததும் கொலை நடந்த இடம் மாதிரி ஆனது. அடுத்த நாள் வெள்ளரிக்காய். துணியைப் பிழிந்து காயப்போட்டோம். மூன்றாம் நாள் கடையில் சுட்ட கோழியை வாங்கி, குழாயடியில் வைத்து அலசினாள்.

"அக்கா, அது கோழி. சட்டையில்ல."

"எண்ணெப்பிசுக்கு ரெண்டுலயும் ஒண்ணுதான் புள்ள."

பத்து நாள் விடவில்லை. கடைசியில் பிடிபட்டது. முட்டைக்கோஸ் இலையின் தடித்த நரம்பைச் சீவி, உப்புத்தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் துணி மாதிரி மடிந்தது. சுட்ட கோழியைத் தோல் உரித்து, பிய்த்துத் துணியில் கட்டிப் பிழிந்தாள். கூடவே கேரட்டும், விதை வழித்த வெள்ளரியும் வைத்து இலையைச் சுருட்டினாள். தார் சுற்றுகிற கையல்லவா, அவ்வளவு இறுக்கம். கடித்தாலும் அவிழவில்லை.

நேராக முதலாளியிடம் போனாள். "ஒண்ணு தின்னு பாருங்க."

அவர் தின்றார். வாயைத் துடைப்பதற்குள் அவர் கையைப் பிடித்து, அவருடைய வெள்ளைச் சட்டையிலேயே நன்றாகத் தேய்த்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. வேலை போனது போனதுதான் என்று நினைத்தேன்.

முதலாளி சட்டையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கறை இல்லை.

"இன்னொண்ணு குடு" என்றார்.

அன்றிலிருந்து பத்து மணிக்குப் பட்டறை முழுக்கச் சுருள்தான். என் வேலையும் நிலைத்தது.

அப்படிப்பட்டவள் தார் சுற்றிக்கொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

இப்போது சுருள் நான் செய்கிறேன். முதல் வாரம் எல்லாம் அவிழ்ந்து கொட்டியது. விடவில்லை. நேற்றுத்தான் ஒன்று அவிழாமல் நின்றது. அவளைப் போலவே வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன். துணி நனைந்திருந்தது. இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "சுருள் நல்லாத்தான் இருக்குது சாமி. அது உன்ர கண்ணீரு. காஞ்சா தெரியாது. தறியப் பாரு."

காய்ந்தது. தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் கோயிலுக்குப் போனால் எங்கள் அக்காவுக்காகவும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். தார் அக்கா என்று சொன்னாலே போதும், சாமிக்குத் தெரியும்.