மஞ்சள் கிவி தொடர்பாக மாப்பிள்ளைக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். மூன்று வாரமாக அவள் என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமா? உங்கள் அறிவும் கொஞ்சம் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் குடுவையும் குழாயுமாகக் காலம் தள்ளியவன் நான். குளியலறை டைல்ஸ் விற்கிற நீங்கள், என் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்துகொண்டு, "மாமா, பச்சைக் கிவியைவிட மஞ்சள் கிவியிலதான் ஆன்டிஆக்ஸிடன்ட் ஜாஸ்தி"ன்னு எனக்கே பாடம் எடுத்தீங்க. யார் சொன்னதுன்னு கேட்டா, "போன்ல வந்துச்சு"ன்னீங்க. போன்ல வந்துச்சாம்! அதோட விட்டீங்களா? சத்தெல்லாம் தோல்லதான் இருக்குன்னு பச்சைக் கிவி ஒண்ணை ரோமத்தோட நீட்டினீங்க. மகள் முகத்துக்காகக் கடிச்சேன். பூனைக்குட்டியைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. இருமின இருமல்ல என் பல்செட் கழண்டு உங்க டம்ளர்ல விழுந்தது. நீங்க சிரிச்சீங்க. அப்பதான் நான், "இனிமே இந்த வீட்டு வாசப்படி ஏறாதீங்க"ன்னேன். நீங்களும் ரோஷமா என் மகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டீங்க.

சும்மா விடுவேனா? பச்சை, மஞ்சள், திராட்சை அளவு குட்டிக் கிவி எல்லாம் வாங்கி, பேர் எழுதி ஒட்டி, பஸ் ஏறிப் பழைய ஆபீஸுக்கே போனேன். வழியில ஒரு தடியர் என் பை மேலயே உட்கார்ந்துட்டார். எனக்குக் கீழே வேலை பார்த்த பொண்ணுதான் இப்ப அங்கே தலைமை. பையைத் திறந்து பார்த்துட்டு, "சார், இது பரிசோதனைக்கா, ரொட்டியில தடவவா?"ன்னு கேட்டா. மறுபடி கடைக்கு ஓடிப் புதுசா வாங்கிக் கொடுத்தேன். "ரெண்டு நாள்ல சொல்றேன் சார்"ன்னா. "எனக்கு முடிவு தெரியும்மா, ஒரு முட்டாளுக்காகத்தான் கேக்கறேன்"னேன்.

ஆகவே, முடிவு வருமுன்பே எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் உங்கள் மானத்துக்கு நல்லது.

நோய்நொடி இல்லாமல், போனில் வருவதை நம்பாமல், பல்லாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா.

பி.கு.: உறையை ஒட்டும்போது அந்தப் பெண் கூப்பிட்டாள். போனை எடுத்தது உங்கள் அத்தை. நான் கொடுத்த பழங்களில் மஞ்சளில்தான் அதிகமாம். தோலில் இன்னும் அதிகமாம். மூன்று தடவை சோதித்தாளாம். உங்கள் அத்தை போனை வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து முதல்முறையாக வாய் திறந்தாள்: "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் சாப்பிட வரச் சொல்லுங்க." அவசியம் வரவும். மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம்.