மல்லிகைக்கு ஒரு கம்பளிச் சட்டை

மிகுந்த மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பியின் மூத்த மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, தங்கை, நான் நால்வரும் நலம். ஐந்தாவதாக நீங்கள் அனுப்பி வைத்த குண்டுமல்லிதான் நலமாக இல்லை. போனில் "சரிங்க பெரியப்பா" என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

"பெரியவ செடி கொடியத்தானே படிச்சா? இந்த ஒத்தச் செடியப் பூக்க வைக்கட்டும். அப்புறம் சின்னவளைக் காலேஜ்ல சேக்கலாமா வேணாமான்னு சொல்றேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். அண்ணன் தலையாட்டாமல் அப்பா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. கல்லூரிச் சேர்க்கையோ இந்த வாரத்தோடு முடிகிறது. தங்கை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் போய் மொட்டுத் தேடுகிறாள்.

குண்டுமல்லிக்கு மண்டையைப் பிளக்கும் வெயில் வேண்டும். உங்கள் ஊரில் அது தாராளம். நாங்கள் இருக்கும் மலையிலோ வெயில், பிடிக்காத சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல வாசலில் நின்றபடியே போய்விடுகிறது. குளிர் தாங்கும் கொடிமல்லிகை என்று ஒன்று உண்டு, எதிர்வீட்டு வேலியில் கேட்பாரின்றிக் கொத்துக் கொத்தாய்ப் பூத்துக் கிடக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "பெரியவங்க அனுப்புனதுல குத்தம் கண்டுபிடிக்கவாடி படிச்சே?" என்றாள் அம்மா. பச்சைத் தண்ணீர் ஆகாதென்று அதற்கு வெந்நீர் ஊற்றியதும் அவள்தான். பாதி இலை அன்றைக்கே போயிற்று. மீதியைக் காப்பாற்ற, தையற்காரரான அப்பா நாடாவை எடுத்துச் செடியை அளந்தார். கம்பளியில் சட்டை, மூன்று கிளைக்கு மூன்று கை, பூ வந்தால் மூச்சு முட்டக் கூடாதென்று முன்பக்கம் பொத்தான். கால்சட்டை தைக்கக் கொடுத்திருந்த தபால்காரர் பார்த்துவிட்டு, "எத்தனை வயசுக் குழந்தைக்குங்க?" என்றார். "குழந்தை இல்லீங்க, அண்ணன் அனுப்புனது" என்றார் அப்பா. அந்த மனிதர் பாதி தைத்த கால்சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்தபடியாக, கதகதப்பாக இருக்கட்டுமென்று செடியை இஸ்திரி மேசையோரம் வைத்தோம். மீதி இலையும் சருகாயிற்று.

அந்த நேரம் பார்த்து நீங்கள் போன் செய்தீர்கள். "எழுத்து வாசனையே இல்லாத புள்ளைங்க இங்க கூடை கூடையாப் பறிக்குதுங்க. நீ படிச்சு என்னத்தக் கிழிச்சே?" நான் சரிங்க பெரியப்பா என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பீர்கள். பெரியப்பா, இங்கே கூடமே பனிக்கட்டி.

ஆகவே செடி செத்ததை என் தலையில் போடுங்கள், தங்கை தலையில் வேண்டாம். அப்பாவிடம் ஒரே ஒரு "சரி" சொல்லுங்கள். வாழ்நாளெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுதானே, ஒருமுறை நீங்கள் சொல்லிப் பார்க்கக் கூடாதா?

பெரியம்மாவின் முழங்கால் வலி குறைய வேண்டுகிறேன்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
மகள்.

பி.கு.: உறையை ஒட்டும் முன் அப்பா இதை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு, "அளவு எடுக்காம நான் ஒரு துணியும் வெட்டுனதில்லையேம்மா, உங்களை மட்டும் அண்ணன் சொன்ன அளவுக்கு வெட்டப் பாத்தேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு, தங்கையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிட்டே திரும்பினார். எனவே மேலே கேட்ட "சரி"யை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அவள் சேர்ந்திருப்பது சட்டக் கல்லூரியில். இனி எங்களுக்கு எதை அனுப்புவதானாலும் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பவும்.