என் கட்டிலில் என் பெயர்

அறுபத்தொன்பதாவது வயதில் ஒரு வீர முடிவு எடுத்தேன். என் கட்டிலை விட்டுக் கொடுப்பதில்லை. செத்தாலும் அதில்தான்.

காரணம் உண்டு. போன வாரம் விடியற்காலையில் அதிலிருந்து விழுந்தேன். இடுப்பு உயர இரும்புக் கட்டில். முக்காலி போட்டுத்தான் ஏற வேண்டும். ஆனால் அதில் படுத்தபடியே ஜன்னல் வழியாக முற்றத்தில் நிற்கும் என் குதிரையைப் பார்க்கலாம். நாரின் என்கிற இந்த மலையூரில் வேறு எவனுக்கு அந்தக் கொடுப்பினை?

நர்ஸம்மா வந்து முட்டியைப் பார்த்துவிட்டு, வயசானவர்கள் படுக்கையறையில் விழாமலிருக்க என்ன செய்யலாம் என்று ஒரு தாள் கொடுத்துப் போனாள். என் மனைவி சோனுன்பூ அதைக் கண்ணாடி போட்டுப் படித்தாள். பெயரில்தான் பூ.

"கால் தடுக்குற கம்பளம் கூடாதாம். எடுத்துட்டேன். ராத்திரி விளக்கு வேணுமாம். மாட்டிட்டேன். கட்டில் முட்டி உசரம்தான் இருக்கணுமாம். கிழவரே, கேக்குதா?"

"விழுந்ததுலேர்ந்து காது மந்தம்."

"தரையில மெத்தை போடுறேன். தரையிலேர்ந்து யாரும் கீழ விழுந்ததில்ல."

"நான் என்ன ஆட்டுக்குட்டியா, தரையில படுக்க?"

"இடுப்பு ஒடிஞ்சா என்ன பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்குங்க."

சொல்லிக்கொண்டே என் முட்டியைத் தடவிவிட்டாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் என்னிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது.

என் பெயர் டொக்டோசுன். எங்கள் பேச்சில் 'நிற்கட்டும்' என்று அர்த்தம். எனக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. இதுவாவது நிற்கட்டும் என்று வைத்தார்கள். பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரில் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. ஆக, நாற்பத்தைந்து வருஷமாக அவள் என்னை 'நில்' என்று சொன்னதே இல்லை. அதை வைத்துத்தான் நான் குடும்பமே நடத்தினேன்.

பக்கத்து வீட்டுக்காரன் ஜுமாகதிர் தேநீர் குடிக்க வந்தபோது, சோனுன்பூ முன்னாலேயே அவனிடம் சபதம் போட்டேன்.

"இனிமே இந்த அறையில, என் காதுபட, 'நிக்கட்டும்'ங்கிற சொல் ஒரு தடவை விழட்டும். அன்னிக்கே கட்டிலை விட்டு இறங்கிடுறேன். நீ சாட்சி."

"பாவம்யா. அவங்க எப்படிச் சொல்வாங்க?"

"அதனாலதானே சபதம்."

சோனுன்பூ தேநீர்க் கெண்டியை எடுத்தாள். எனக்கு மட்டும் கிண்ணம் தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றினாள். எங்கள் பக்கம் அப்படி ஊற்றினால் 'கிளம்பு' என்று அர்த்தம். நான் சிரித்துக்கொண்டே குடித்தேன்.

மூன்றாம் நாள் கட்டிலில் புதுத் தலையணை உறை. சிவப்பு நூலில், கொட்டை எழுத்தில், அவள் கைத்தையல். என் பெயர். அட, மனசு மாறிவிட்டாள், கட்டில் எனக்கே என்று எழுதியே கொடுத்துவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜுமாகதிரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

"கண்ணாடி இல்லாம வந்துட்டேனே. என்னய்யா போட்டிருக்கு?" என்றான். கண்ணாடி அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நெஞ்சை நிமிர்த்திக் கணீரென்று படித்தேன். "டொக்டோசுன்."

கதவோரம் சோனுன்பூ நின்றிருந்தாள்.

"கேட்டீங்களா அண்ணே? இந்த அறையில, அவர் காதுபட. அதுவும் அவர் வாயாலேயே."

"கேட்டேன்மா. நிக்கட்டுமாம்," என்றான் அந்தத் துரோகி.

இப்போது தரையில் படுக்கிறேன். ஜன்னலில் குதிரையின் காது மட்டும் தெரிகிறது. கட்டில் சும்மா கிடக்கவில்லை. அவள் சீதனமாகக் கொண்டுவந்த மெத்தைகளில் மிச்சமெல்லாம் அதன் மேல்தான் படுத்திருக்கின்றன. மெத்தை விழுந்தால் எலும்பு உடையாதாம்.