ஆட்சேபணையும் பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டரும்

எங்கள் பேரூராட்சி மன்றத்தில் 'ஆட்சேபணை' எதிர்க்காமல் விட்ட ஒரே விஷயம் தேசிய கீதம்தான். அதிலும் ஒருமுறை, "பாட்டுல தப்பு இல்ல, பாடுனவங்க சுருதிதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வாக்காளர் பட்டியலில் போய்த் தேடினால் கிடைக்கும். ஊரில் கேட்டால் கிடைக்காது. அஞ்சல்காரரே, "ஆட்சேபணை சாரே, தபால்" என்றுதான் கூப்பிடுவார்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில் ஒரு பேரூராட்சி. காலம், தொண்ணூறுகளின் பின்பாதி. அந்த அலுவலகத்தில் நான் கடைநிலை ஊழியர். பத்தாவது வரை படித்திருந்தேன். அப்பா வேலையில் இருக்கும்போதே தவறிப்போனதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. மன்றக் கூட்டம் நடந்தால் டீ கொடுக்க வேண்டும், கேட்கிற ஃபைலை எடுத்துத் தர வேண்டும். "டீ சார்" என்பதைத் தவிர அந்த அறையில் நான் வேறு வார்த்தை பேசியதில்லை. வாய் பேசாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு. காதில் எல்லாம் விழும்.

ஆட்சேபணை மாவு மில் வைத்திருந்தார். மில்லை நிறுத்திவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வருவார். புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளை. அவர் மேஜையைத் தட்டினால் முதலில் சத்தம் வரும், அப்புறம் ஒரு மாவு மேகம் எழும்பும். எதிரே உட்கார்ந்திருக்கும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சொல்லுங்க, இப்ப என்ன ஆட்சேபணை?" என்பார். மில் சத்தத்திலேயே பேசிப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

முன்னாள் உறுப்பினர் ஒருவர் இறந்தபோது இரங்கல் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 'இம்மன்றம் ஆழ்ந்த இரங்கலை' என்று தலைவர் படிப்பதற்குள் இவர் எழுந்துவிட்டார்.

"ஆட்சேபணை!"

"யோவ், செத்துப் போனவருக்குக் கூடவா?"

"இரங்கலுக்கு இல்ல தலைவரே. 'ஆழ்ந்த'ன்னு கீதே, அதுக்கு. சுத்தி பாருங்க. பாதி பேரு சிரிச்சிகினு கீறாங்க. மன்றத்துல பொய் எழுதக் கூடாது. வெறும் இரங்கல்னு போடுங்க."

சுற்றிப் பார்த்தார் தலைவர். பாதிப் பேர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வெறும் இரங்கலே போனது.

தெருவிளக்கு வந்தபோது அவர் வீட்டு வாசலுக்கு ஒரு டியூப் லைட் ஒதுக்கினார்கள். எந்த உறுப்பினரும் வேண்டாம் என்று சொல்லாத பொருள். இவர் எழுந்தார். "ஆட்சேபணை. நான் சாயங்காலமே துண்ணுட்டு படுத்துடுவேன். என் வூட்டாண்ட லைட்டு எரிஞ்சா கொசுவுக்குத்தான் ஒதவும். ஸ்கூல் பின்னாடி முக்குல போடு. பொண்ணுங்க டியூஷன் முடிச்சி வர்ற வழி அது."

மகளிருக்கு ஒதுக்கிய வார்டில் ஜெயித்த அக்கா ஒருவர் உண்டு. அவருடைய கணவர் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, கை தூக்கு, தூக்காதே என்று சைகை காட்டுவார். ஆட்சேபணை அதையும் விடவில்லை. "தலைவரே, ஒரு விளக்கம் வோணும். நம்ம மன்றத்துல ஜன்னலுக்கு ஓட்டு உண்டா?"

எழுத்தர் சலித்துப் போய், தீர்மானத்தை எழுதுவதற்கு முன்பாகவே 'உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்தார்' என்று அடியில் எழுதி வைத்துவிடுவார். அதன் மேல்தான் தீர்மானத்தை இறக்குவார்.

அவர் சம்சாரம் ஒருநாள் மில்லில் என்னிடம் சொன்னார். "நீ வேற தங்கச்சி. ஐயர் தாலியை எடுத்துக் குடுக்குறாரு. இவரு வாங்காம, 'இருங்க சாமி, நாதஸ்வரம் ரெண்டு பேருன்னு பேச்சு, ஒருத்தர்தான் கீறாரு'ன்றாரு. எங்கப்பாவுக்கு மயக்கமே வந்துட்ச்சு."

இப்படிப்பட்ட மனிதர் முதன்முதலாக ஒரு விஷயம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

மில்லுக்குப் பின்னால் அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. என் மகள் அப்போது அங்கே ஒன்பதாவது. தலைமையாசிரியை ஒருநாள் அலுவலகம் வந்தார். பள்ளிக்கு கம்ப்யூட்டர் தரத் துறை தயாராக இருக்கிறதாம். ஆனால் ஒரு அறையைச் சரிசெய்து, வயரிங் போட்டு, கரண்ட் பில்லைக் கட்டுகிறோம் என்று பேரூராட்சி தீர்மானம் போட்டுத் தர வேண்டும். மாத முடிவுக்குள் தராவிட்டால் மெஷின்கள் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்விடும். பள்ளி இருக்கும் வார்டின் உறுப்பினர் என்ற முறையில் அவர் போய்ப் பார்த்தது ஆட்சேபணையை.

"டீச்சர், ப்ளஸ் டூ பாஸான பொண்ணு என் மில்லுல மாவு சலிக்கிது. வேலைக்குப் போனா கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேக்குறானாம். தெரியாதுன்னா, போய்ட்டு வாம்மான்றானாம். இத்த நான் கொண்டாரேன். கவலைய வுடுங்க."

கூட்டத்தில் எழுந்தார். தலைமுடியெல்லாம் வாரி, மாவைத் தட்டிவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தீர்மானத்தைப் படித்தார். படித்து முடிப்பதற்குள் தண்ணீர் லாரி வைத்திருந்த உறுப்பினர் எழுந்து, அவரைப் போலவே மேஜையைத் தட்டினார்.

"ஆட்சேபணை!"

அடுத்தவர் எழுந்தார். "ஆட்சேபணை!"

அப்புறம் வரிசையாக எல்லாரும். ஒருவர் மேஜை தட்டியதில் நான் வைத்த டீ கொட்டியது. இரண்டு வருஷம் சேர்த்து வைத்த வட்டியை அன்றைக்கே கொடுத்துத் தீர்த்தார்கள். லாரிக்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னா ஆட்சேபணை, எப்படி கீது? இனிக்கிதா?"

"யோவ், விளையாட்டு இல்ல. புள்ளைங்க படிப்பு."

"உன் மில்லு ஓடுனா தெருவுல டியூப் லைட்டே கண்ணடிக்குது. கம்ப்யூட்டர் அப்பளமா பொரிஞ்சிடும்யா."

அது உண்மைதான். பள்ளிக்கும் மில்லுக்கும் ஒரே லைன். மில்லைப் போட்டால் பள்ளியில் பல்பு மஞ்சளாகிவிடும். 'பொருள் ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிக் கொண்டார் எழுத்தர். ஆட்சேபணை ஒன்றும் பேசாமல் வெளியே போனார். அவர் பேசாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மகளிடம் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாதம் முடிய இருந்தது. தலைமையாசிரியையே தலைவரிடம் மனு கொடுத்தார். அவசரக் கூட்டம் போட்டார்கள். தலைமையாசிரியை பார்வையாளர் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் மனுவைப் படிக்க ஆரம்பித்தார்.

"ஆட்சேபணை!"

எல்லாரும் திரும்பினோம். அவரேதான். புருவமெல்லாம் மாவு.

"கம்ப்யூட்டரே வோணாம். அது வந்தா என் மில்லுக்கு பேஜாரு. எதுனா புகைஞ்சா என் மேல பழி வரும்."

"போன கூட்டத்துல வேணும்னு நீதானய்யா கேட்ட!" என்றார் தலைவர்.

"அப்ப யோசிக்கல. வூட்ல யோசிக்கச் சொன்னாங்க. மில்லுதான் சோறு போடுது, கம்ப்யூட்டரா போடுது?"

தலைமையாசிரியை முகம் வெளுத்துவிட்டது. லாரிக்காரருக்கோ பொங்கல் வந்த மாதிரி ஆகிவிட்டது.

"பார்த்தீங்களா தலைவரே? சொந்தக் காரியம்னதும் புள்ளைங்க படிப்பு பறந்துட்ச்சு. போடுங்க தீர்மானத்தை! கம்ப்யூட்டர் வந்தே தீரணும்!"

"வந்தா? லைனு தாங்காதே. தனி லைனா இழுப்பீங்க? பேரூராட்சி பணத்துல? அதுக்கும் ஆட்சேபணை!"

"எழுதுங்க எழுத்தரே, தனி லைன்!"

"இன்னும் ஸ்டெபிலைசரு, அது இதும்பீங்க. ஆட்சேபணை!"

"ஸ்டெபிலைசர் எழுதுங்க!"

"அந்த ரூம்புல பல்லி கூட போவாது. அதுக்குப் போய் கிரில் கேட்டா? அநியாயம்!"

"கிரில் கேட்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

"செவுத்துக்கு சுண்ணாம்பு போதும், பெயின்ட் அடிக்கிறேன்னு மட்டும்..."

"பெயின்ட் எழுதுய்யா!"

எழுத்தர் பேனாவை உதறி உதறி எழுதினார். மனுவில் தலைமையாசிரியை இதில் பாதியைக் கூடக் கேட்கவில்லை. வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் லேசாகப் பொறி தட்டியது. ஒரு மனிதர் நடு அறையில் நின்று தன் கெட்ட பெயரை எடுத்து ஏர் பூட்டி உழுதுகொண்டிருக்கிறார். அத்தனை பேரும் அவருக்கு எதிராக உழுவதாக நினைத்து, அவருக்காகவே உழுகிறார்கள்.

அப்போது மகளிர் வார்டு அக்கா எழுந்தார். ஜன்னலில் கணவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"தலைவரே, தனி லைன் வர எத்தனை மாசம் ஆகுமோ யாருக்குத் தெரியும்? அதுவரைக்கும் மெஷினை மூடியா வெக்கிறது? கம்ப்யூட்டர் கிளாஸ் நடக்கிற நேரம் இவரு மில்லை நிறுத்தட்டும். அதையும் எழுதுங்க."

ஆட்சேபணை முகத்தைப் பார்த்தேன். இது அவர் கணக்கில் இல்லை. வகுப்பு நடப்பது காலையில். இடியாப்ப மாவும் மிளகாய்த் தூளும் அரைக்கப் பெண்கள் வருவதும் காலையில்தான். மில் நின்றால் அவர்கள் கீழ்க்கட்டளை வரைக்கும் போய் அரைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இப்போது அவர் இதை நிஜமாகவே எதிர்க்கலாம். எதிர்த்தால் மறுபடி வாதம் கிளம்பும், யாராவது ஒத்திவைக்கலாம் என்பார்கள், மாதமும் முடிந்துவிடும்.

தலைவர் கிண்டலாகக் கேட்டார். "என்ன சார், ஆட்சேபணை உண்டா?"

அவர் எழுந்தார். மேஜையைத் தட்டக் கையை ஓங்கினார். தட்டவில்லை. கையை மெதுவாக மேஜை மேல் வைத்தார்.

"இல்ல."

"என்னது?"

"ஆட்சேபணை இல்லன்னேன். காது கேக்கலியா?" கத்தினார். பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும்.

எழுத்தர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த வரியை அடிக்க வேண்டியதாயிற்று. எங்கள் மன்றத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம், ஒரு மாவு மில்லை நிறுத்தியது.

கூட்டம் முடிந்து வராந்தாவில் தூண் ஓரமாக நின்றிருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அவரைப் பொறுத்தவரை மெல்லிய குரலில் கேட்டார்.

"தங்கச்சி, கிரில் கேட்டு எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்கண்ணா."

"பெயின்ட்டு?"

"அதுவும் எழுதிட்டாங்க."

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தலையில் அடித்துக் கொண்டார். "ஃபேனு, தங்கச்சி! ஃபேனை எதிர்க்க மறந்துட்டேன்!"

அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று பின்னால் வந்து நின்றிருந்த தலைமையாசிரியைக்கு இது காதில் விழுந்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. தோள் மட்டும் குலுங்கியது. "ஐயோ சார், ஃபேன் நாங்களே போட்டுக்கறோம் சார்" என்றார்.

மெஷின்கள் வந்தன. அறைக்குப் பச்சை பெயின்ட், கிரில் கேட். திறப்பு விழாவில் எல்லா உறுப்பினர்களுக்கும் சால்வை போட்டார்கள், கம்ப்யூட்டரே வேண்டாம் என்று பேசியவர் என்பதால் இவருக்கு மட்டும் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, மைக் சத்தம் அதிகம் என்று ஆட்சேபித்துவிட்டுப் போனார். தனி லைன் எப்போது வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

காலையில் வகுப்பு மணி அடித்ததும் மில் நின்றுவிடும். தூக்குக் கூடையோடு வருகிற பெண்கள் சண்டை போடுவார்கள். "இன்னாண்ணா, இந்நேரத்துல மூடிட்டு உக்காந்துகினு கீற?"

"மன்றத் தீர்மானம்மா. நான் எவ்ளோ எதிர்த்தேன் தெரியுமா? தோக்கடிச்சிட்டானுங்க." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை, ஜெயித்த உறுப்பினர் எவர் முகத்திலும் நான் பார்த்ததில்லை. பாதிப் பேர் வேறு மில்லுக்குப் போய்விட்டார்கள்.

நான் போகவில்லை. விடுப்பு எடுத்திருந்த ஒரு நாள் அரிசி அரைக்கப் போனேன். மில் நின்றிருந்தது. கவிழ்த்த தகர டின் மேல் உட்கார்ந்திருந்தார். பின்சுவருக்கு அந்தப் பக்கம் என் மகளின் வகுப்பு. டீச்சர் ஏதோ சொல்ல, பெண்கள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் தட்டுவது கேட்டது. காத்திருந்த இரண்டு பெண்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஆட்சேபணை பதறி எழுந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ்! சத்தம் போடாதம்மா. உள்ள கம்ப்யூட்டர் ஓடுது. கரண்ட் இறங்கிடப் போவுது."

பேசினால் கரண்ட் இறங்காது என்பது பத்தாவது படித்த எனக்கே தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அரிசிக் கூடையைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கி, மூச்சைக் கூடப் பார்த்து விட்டபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.